2004 ஜென்: இஞ்சின் உழைக்கிறது, ரப்பர்தான் உழைக்கவில்லை

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்றுதான். இருபது வருஷத்து வண்டியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. மீட்டரைத் திருப்பி வைத்திருப்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே குறைவாக ஓடிய வண்டிதான் பல நேரம் அதிகச் செலவு வைக்கிறது. 2004 மாடல் மாருதி ஜென் ஒன்றை 2017-ல் வாங்கி இன்றுவரை திருநெல்வேலியில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதை வைத்தும், சொந்தத்திலும் நட்பிலும் ஓடும் வேறு சில பழைய வண்டிகளை வைத்தும்தான் இதைச் சொல்கிறேன்.

ஜென்னைப் பற்றித் தெரியாத இளவட்டங்களுக்காக நாலு வரி. 1993-ல் வந்த வண்டி. 993 சிசி, நாலு சிலிண்டர் அலுமினிய இஞ்சின், ஐந்து கியர். அன்றைக்கு நம் ஊரில் சின்ன கார் என்றால் மாருதி 800 தான். அதற்கு மேல் ஒரு படி ஏற நினைத்தவர்கள் இதை வாங்கினார்கள். இங்கே செய்த இதே வண்டி ஆல்டோ என்ற பெயரில் ஐரோப்பாவுக்கும் போனது. 2003-ல் முகத்தை மாற்றினார்கள், 2006-ல் நிறுத்திவிட்டார்கள். என்னுடையது அந்த மாற்றிய முகம், 16 வால்வு, 60 குதிரைத் திறன். அதற்கு முந்தைய உருண்டை முகம்தான் அழகு என்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான், ஆனால் கிடைத்தது இதுதான்.

இஞ்சினைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. ஆயிலும் ஃபில்டரும் வேளைக்கு மாற்றுகிறேன், டைமிங் பெல்ட்டை வாங்கிய கையோடு மாற்றினேன், பிறகு ஒருமுறை மாற்றினேன். இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றும் வேலை இதுவரை வரவில்லை. காலையில் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகும். ஊருக்குள் லிட்டருக்கு 14, நாலுவழிச் சாலையில் ஏசி இல்லாமல் நிதானமாகப் போனால் 18 கொடுக்கும்.

செலவு வைப்பதெல்லாம் இஞ்சினைச் சுற்றி இருப்பவை. அதிலும் ரப்பர். ரேடியேட்டர் ஹோஸ், இஞ்சினைத் தாங்கும் மவுண்டிங், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ், ஆக்சிலை மூடும் பூட், பிரேக் ஹோஸ், கதவு ஓரத்து பீடிங் என்று ஒரு காரில் எத்தனை இடத்தில் ரப்பர் இருக்கிறது என்பது பழைய வண்டி வாங்கிய பிறகுதான் தெரியும். இவற்றுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, வயசுக் கணக்குதான். வண்டியை ஷெட்டிலேயே பூட்டி வைத்திருந்தாலும் புஷ் வெடிக்கும். வண்ணார்பேட்டையில் எனக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி, "ஓடுத வண்டி கெடாது தம்பி, நிக்குத வண்டிதான் கெடும்" என்பார். எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவர் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்தவர். மீட்டரில் ஓட்டம் குறைவு, சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வாங்கிய முதல் வருஷம் மாற்றிய ரப்பர் சாமான்களை ஒரு சாக்கில் கட்டியிருக்கலாம்.

அதில் இஞ்சின் மவுண்டிங் கதையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சிக்னலில் ஏசி போட்டபடி நின்றால் ஸ்டீயரிங், டேஷ்போர்டு, உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாம் ஒன்றாக அதிரும். "இஞ்சின் போச்சு, பிரிச்சிரலாம்" என்று சொல்ல ஆள் தயாராக இருப்பார்கள். அண்ணாச்சி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கிளட்ச்சைப் பாதி விட்டு முன்னும் பின்னும் லேசாக அசைக்கச் சொன்னார். இஞ்சின் அப்படியே எழும்பி எழும்பி உட்கார்ந்தது. மவுண்டிங் ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து தனியாக வந்திருந்தது. மூன்றையும் மாற்றிய பிறகு அதிர்வு போய்விட்டது. இஞ்சினை யாரும் தொடவில்லை.

ரப்பருக்கு அடுத்த தலைவலி, முந்தைய கைகள் பார்த்துவைத்த ஒட்டு வேலைகள். என் வண்டியில் டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு மேல் ஏறவே ஏறாது. நம் வெயிலில் அது நல்லதுதானே என்று தோன்றும். திறந்து பார்த்தால், இஞ்சின் சூடேறும்வரை தண்ணியை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வே இல்லை, கழற்றி எறிந்திருக்கிறார்கள். ரேடியேட்டர் ஃபேனுக்கு டேஷ்போர்டுக்கு அடியில் வீட்டு ஸ்விட்ச் ஒன்றைப் போட்டு டைரக்டாகக் கொடுத்திருக்கிறார்கள். வால்வு மூடினபடி மாட்டிக்கொண்டால் வண்டி சூடாகிவிடும் என்று பயந்து நம் ஊர்ப் பட்டறைகளில் காலங்காலமாகச் செய்வதுதான் இது. ஆனால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடும் இன்ஜெக்ஷன் வண்டியில் இஞ்சின் சூடு ஏறவில்லை என்றால், இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். வால்வையும் ஃபேன் சென்சரையும் புதிதாகப் போட்டதும் மைலேஜ் கண்கூடாக ஏறியது. கூடவே ரேடியேட்டரையும் கழுவினோம். உள்ளே எங்கள் பக்கத்து உப்புத் தண்ணி படிந்து வெள்ளை வெள்ளையாக வந்தது. கூலன்ட் ஊற்றுங்கள், போர் தண்ணி வேண்டாம். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த முறை அவர்கள் பானெட்டுக்குப் பக்கத்தில் குழாய்த் தண்ணி பிடித்த பாட்டில்தான் இருக்கிறது.

துரு தனி விவகாரம். முதல் உரிமையாளர் தூத்துக்குடியில், கடலுக்குப் பக்கத்தில் வைத்திருந்திருக்கிறார். உப்புக் காற்று பட்ட எந்த வண்டிக்கும் நடப்பதுதான். மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது. டிரைவர் பக்க மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் தரைத் தகடு பொருபொருவென்று உதிர்ந்தது. டிங்கர் வேலைக்கு மட்டும் ஆன செலவு நல்ல புது ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டும் அளவு. பழைய கார் பார்க்கப் போனால் இஞ்சின் சத்தம் கேட்பதற்கு முன்னால் மிதியடியைத் தூக்குங்கள், டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடியைத் தடவிப் பாருங்கள். இஞ்சினை மாற்றலாம், தகடு போன வண்டியை ஒன்றும் செய்ய முடியாது. டயரில் பட்டன், அதாவது மேல்வரி, தேயாமல் நன்றாக இருக்கிறது என்றும் விட்டுவிடாதீர்கள். ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும்: 1912 என்றால் 2012-ம் வருஷம் 19-வது வாரம் செய்தது. என் வண்டியில் வந்த ஸ்டெப்னி மண்ணையே மிதிக்காமல் கிழடாகிப் போயிருந்தது.

சரி, ஓட்டுவதற்கு எப்படி? இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் வைத்திருக்கிறேன். முக்கால் டன் எடைதான், கால் வைத்த உடனே நகரும். கியர் லிவர் விரல் நுனியில் விழும். பவர் ஸ்டீயரிங் இல்லாததால் டவுன் ரத வீதியில் பார்க்கிங் போடும்போது தோள்பட்டை வலிக்கும், ஆனால் வேகம் பிடித்துவிட்டால் சாலை எப்படி இருக்கிறது என்று கைக்கே தெரியும். இப்போது வரும் வண்டிகளில் அந்தத் தகவல் கைக்கு வருவதில்லை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் இரண்டாவதும் மூன்றாவதுமாக மாற்றி மாற்றி ஏறும்போது புதிய வண்டிக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றும் இருக்காது. ஏசியை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நாலு பேர், சாமான், ஏசி, ஏற்றம் எல்லாம் சேர்ந்தால் ஒரு லிட்டர் இஞ்சின் பாவம்.

எடை குறைவு என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆனி, ஆடி மாசத்தில் பணகுடி தாண்டி காவல்கிணறு பக்கம் போயிருக்கிறீர்களா? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தெற்கே போகும்போது காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கும். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தபடியே ஓட்ட வேண்டும். லாரியைத் தாண்டும்போதுதான் ஆபத்து. எட்டிப் பிடிக்கும்போது நாம் லாரிக்கு வலதுபுறம், காற்று நம்மைத் தள்ளிக்கொண்டு போய் லாரிமேல் சாய்க்கப் பார்க்கும். எதிர்ச்சாலையில் வரும் பஸ் ஒரு நொடி காற்றை மறைக்கும், அது விலகியதும் பொத்தென்று ஒரு அடி. லோயர் ஆர்ம் புஷ் போயிருந்த காலத்தில் இந்த இடத்தில் வண்டி ஒரு முழம் விலகிப் போகும். மாற்றிய பிறகு விலகுவது குறைந்தது, ஆனாலும் அந்தப் பக்கம் நான் 70-க்கு மேல் போவதில்லை.

நாகர்கோவிலில் இருக்கும் மச்சான் எஸ்டீம் வைத்திருக்கிறார். 1298 சிசி, 85 குதிரைத் திறன், இன்றைக்கும் இழுவை அபாரம். "மாப்ள, இதுல உக்காந்துட்டு உங்க வண்டிக்கு வந்தா ஆட்டோ மாதிரி இருக்கு" என்பார். ஸ்பிரிங் தளர்ந்துபோனதால் ஐந்து பேர் ஏறினால் வேகத்தடையில் அவர் வண்டி அடி தட்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் சான்ட்ரோ ஜிங் இருக்கிறது. முட்டிவலி உள்ள அவர் அம்மா குனியாமல் ஏறி இறங்குகிறார்கள், அதற்காகவே விற்க மாட்டேன் என்கிறார். எங்கள் சித்தப்பா அம்பாசிடர்க்காரர். ஜென்னை அவர் கார் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மூன்று பேரும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்றுதான்: வழியில் நின்ற கதை கேட்டால் இஞ்சினால் நின்றது அநேகமாக இருக்காது. பேட்டரி டெர்மினல், பெட்ரோல் பம்ப், ரிலே, இல்லையென்றால் எலி கடித்த வயர்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது எத்தனால் கவலை. பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. அதைத் தாங்கும் பொருள்களோடு வண்டிகள் பரவலாக வரத் தொடங்கியது 2023 ஏப்ரல் வாக்கில்தான். இருபது வருஷத்து ரப்பர் ஹோஸுக்கு அது தெரியுமா? போன வருஷம் காலையில் ஷெட்டைத் திறந்தால் லேசாகப் பெட்ரோல் வாசம் வந்தது. டேங்கிலிருந்து வரும் ஹோஸை விரலால் அழுத்தினால் நமுத்துப்போய்க் கொழகொழவென்று இருந்தது. இன்ஜெக்ஷன் வண்டிக்கான நல்ல ஹோஸாகப் பார்த்து, கிளிப்போடு மொத்தமாக மாற்றினோம். எத்தனாலாலா, வயசாலா என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்துதான் இருக்கும். பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு ஹோஸை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். நெருப்பு விஷயம்.

பாதுகாப்பு பற்றி மழுப்ப வேண்டியதில்லை. ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. 2019-க்குப் பிறகு வந்த கார்களில் இரண்டும் கட்டாயம் இருக்கும். மழையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், கால் பதமாகத்தான் மிதிக்க வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ராத்திரியில் நாலுவழிச் சாலையில் இதை எடுப்பதில்லை. அதற்கு வாடகை வண்டி. வீட்டில் ஒரே கார்தான் வைக்க முடியும் என்பவர்களுக்கு இந்த வயசு வண்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உதிரிபாகம் இப்போதைக்குப் பெரிய கஷ்டம் இல்லை. ஃபில்டர், பிளக், பிரேக் சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும். உடம்பு சாமான்தான் அரிது. கதவுக் கைப்பிடி, பம்பர், லைட் என்றால் கோயம்புத்தூர் உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேட வேண்டும்.

காகித வேலைக்கு வருவோம். டெல்லியில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்குத் தடை என்ற செய்தியைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்து, அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எப்.சி. (தகுதிச் சான்று) காட்டினால் போதும், பசுமை வரி தனி. 2019-ல் நான் புதுப்பித்தபோது மத்திய அரசுக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5000 ஆனது, 2024-ல் அதைத்தான் கட்டினேன். 2025-ல் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். இன்ஷூரன்ஸில் மட்டும் சின்ன ஆறுதல்: 1000 சிசிக்குள் வருவதால் தேர்டு பார்ட்டி பிரீமியம் 2094 ரூபாய், வரி சேர்க்காமல். எஸ்டீம்க்காரருக்கு 3416.

பிரேக் இன்ஸ்பெக்டர் போன தடவை பார்த்தது ஹெட்லைட், ஹாரன், பிரேக், புகைச் சான்றிதழ், சேசிஸ் நம்பர். துரு பிடித்த வண்டிகளில் அந்த நம்பர் தெரியாமல் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு, அதனால் அந்த இடத்தை மட்டும் நான் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன். அடுத்த எப்.சி. 2029-ல். அதற்குள் டயர் நாலும் மாற்ற வேண்டும், பின்பக்க வலது லைட்டில் விரிசல் இருக்கிறது. புதுப்பேட்டையில் ஒருவர் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இடது பக்க லைட்டைக் காட்டி இதுவும் பொருந்தும் என்று சொல்லாமல் இருந்தால் சரி.