மகளின் விடுதிச் சாமான்களை ‘பேக்கர்ஸ்’காரர்களிடம் கொடுத்து 11,400 ரூபாய் இழந்தேன்

நேற்று சாயங்காலம்தான் மகளின் சாமான்கள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன. ஏழு உருப்படி அனுப்பினேன், ஐந்து வந்தது. அதற்கு நான் அழுதது 11,400 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுவேன், என் குணம் அப்படி. ஆப்பின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மச்சினன் பயமுறுத்துகிறான். வீடு மாற்ற, ஏசி கழுவ, கரப்பான் பூச்சிக்கு மருந்தடிக்க என்று எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்துத் தரும் வகை ஆப் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில், பிள்ளைகளை விடுதியில் சேர்க்கப் போகிறவர்களுக்குப் பத்து யோசனை எழுதுகிறேன்.

எங்களுக்குத் தென்காசி. மகளுக்குக் கவுன்சலிங்கில் சென்னைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதியில் கட்டில், மேசை, இரும்பு அலமாரி கொடுப்பார்கள். மெத்தை முதல் வாளி வரை மற்றதெல்லாம் நம் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சேர வேண்டும். சனிக்கிழமை பொதிகையில் தாம்பரம் வரை மூன்று பேருக்கும் ஸ்லீப்பர் டிக்கெட் போட்டாயிற்று.

“மூணு பேரு ரயில்லதான போறோம். ஆளுக்கு ரெண்டாத் தூக்கினா முடிஞ்சு போச்சு. மெத்தைய மட்டும் அங்க போய் வாங்கிக்கலாம்” என்றாள் மனைவி. கேட்டேனா? முட்டி வலி, விடியற்காலையில் தாம்பரத்தில் அத்தனையையும் இறக்க முடியாது என்று பெரிய ஞானி மாதிரி பேசிவிட்டு, போனை எடுத்து அந்த ஆப்பில் என் நம்பரைத் தட்டினேன். கால் மணி நேரத்தில் ஆறு பேர் கூப்பிட்டார்கள்.

ஐந்தாவதாகக் கூப்பிட்டவனிடம்தான் விழுந்தேன். “அண்ணாச்சி, தென்காசியா? நமக்கு ஆலங்குளம்லா” என்றுதான் பேச்சையே ஆரம்பித்தான். என்னென்ன சாமான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டான். மெத்தை என்றதும், “இலவம்பஞ்சா, ஃபோமா?” என்று கேட்டான். இலவம்பஞ்சு என்றேன். “அப்பம் தார்ப்பாய் போட்டுத்தான் கொண்டு போகணும் அண்ணாச்சி, நனைஞ்சா காயவே காயாது. எந்தங்கச்சியும் போன வருசம் இப்படித்தான் ஆஸ்டல்ல சேந்தா. ஒரு வாளி நசுங்காம நாந்தான் கொண்டு எறக்குனேன். நீங்க ஒண்ணும் யோசிக்காதிய.” மெத்தையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற ஒருவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? மற்ற ஐந்து பேரும் தொகையைச் சொன்னார்கள், இவன் என் மகளைப் பற்றிப் பேசினான். 5,500 ரூபாய் என்றான். 2,000 முன்பணம் உடனே ஜிபேயில் போட்டேன். அவன் எந்த ஊர்க்காரனோ, ஆலங்குளத்தின் பெயரையும் கெடுத்துவிட்டான்.

வியாழக்கிழமை சாரலுக்கு நடுவே ஒரு குட்டி யானை வந்தது. இரண்டு பையன்கள், அவன் வரவில்லை. சாமானை ஏற்றிவிட்டு மீதி 3,500 ரூபாய் கேட்டார்கள். இறக்கிய பிறகு தருகிறேன் என்றேன். “ஓனர் வாங்கிட்டு வரச் சொன்னாவ” என்று வாசலிலேயே நின்றார்கள். கொடுத்துவிட்டேன். ‘7 உருப்படி, வீட்டுச் சாமான்’ என்று ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள். மகள் ஒவ்வொரு பெட்டியிலும் மார்க்கரில் தன் பெயரை எழுதி ஒரு பூவும் வரைந்திருந்தாள். மனைவி அந்தப் பையன்களுக்குக் காப்பி வேறு போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் விடுதி வாசலில் சாமான் இருக்கும் என்றான். வெள்ளிக்கிழமை கேட்டபோது “விழுப்புரம் தாண்டிட்டு அண்ணாச்சி.” ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கையை வீசிக்கொண்டு விடுதியில் நிற்கிறோம், வண்டியைக் காணோம். “டிராபிக் அண்ணாச்சி.” திங்கட்கிழமை போன் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வேறு குரல்: “சார், உங்க லோடு திருச்சி குடோன்ல இருக்கு.” விழுப்புரம் தாண்டிய வண்டி எப்படித் திருச்சிக்கு வரும்? அண்ணாச்சி ‘சார்’ ஆனதைக் கவனித்தீர்களா? அங்கேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

புதன்கிழமை அசல் விஷயம் வந்தது. உங்களுடையது பார்ட் லோடு (பல பேர் சாமானோடு ஒரே லாரியில் போவது), குடோன் வாடகை, ஜிஎஸ்டி, சிட்டிக்குள் வர சின்ன வண்டி, எல்லாம் சேர்த்து 3,900 போட்டால்தான் சாமான் நகரும் என்றார்கள். கத்திப் பார்த்தேன். “அப்ப நீங்களே திருச்சிக்கு வந்து எடுத்துக்கோங்க சார்” என்றான் புதுக்குரல். எந்தக் குடோன், முகவரி சொல் என்றால் லைன் கட். மகள் அங்கே வெறும் பலகைக் கட்டிலில் பெட்ஷீட் விரித்துப் படுத்திருக்கிறாள். தர்மபுரிப் பிள்ளை ஒன்று தன் பாயைக் கொடுத்ததாம், அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். 3,900 போட்டேன். நேற்று விடுதி கேட்டில் வண்டி வந்து நின்றதும் இறக்குக் கூலி என்று இன்னொரு 2,000, இல்லையென்றால் அப்படியே திருப்பிக்கொண்டு போகிறோம் என்றார்கள். மகள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். அதையும் போட்டேன். ஆக 11,400 ரூபாய்.

வந்த லட்சணத்தைக் கேளுங்கள். டிரங்குப் பெட்டியின் பூட்டு உடைந்திருந்தது. உள்ளே பருப்புப் பொடி பாட்டில் நொறுங்கித் துணியெல்லாம் பொடி. டேபிள் ஃபேன் வரவில்லை. படம் வரைகிற டிராஃப்டர், கால்குலேட்டர், புத்தகமெல்லாம் வைத்த அட்டைப்பெட்டியும் வரவில்லை. மெத்தை? சொட்டச் சொட்ட நனைந்து நாறியதாம். தார்ப்பாய்!

ஆப்பில் புகார் கொடுத்தேன். முதல் பதில்: “உங்கள் வருத்தம் புரிகிறது.” இரண்டாவது: “நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே, சேவை வழங்குநரைத் தொடர்புகொள்ளவும்.” சேவை வழங்குநர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான் என்று எழுதினேன். இரண்டு மணி நேரம் கழித்து, புகார் தீர்க்கப்பட்டது என்றும், ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள் என்றும் ஒரே மெசேஜில் வந்தது. இன்று காலை போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். சிவில் விவகாரம், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க என்று நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பர் சொன்ன பிறகுதான் விளங்கியது. நாம் தட்டும் நம்பரை ஆப் ஐந்தாறு பேருக்கு விற்கிறது. வாங்குகிறவனிடம் பெரும்பாலும் சொந்த வண்டி கிடையாது. முன்பணத்தை வாங்கிக்கொண்டு, இடம் காலியாக இருக்கிற ஏதோ ஒரு லாரிக்காரனிடம் குறைந்த காசுக்குத் தள்ளிவிடுவான். அது நிறைகிற வரை நம் சாமான் குடோனில் கிடக்கும். சாமான் அவன் கையில் இருக்கிற வரை அவன் சொன்னதுதான் ரேட். “எல்ஆர் காப்பி வாங்கினியா?” என்றார். எல்ஆர் என்றால் லாரி சர்வீஸ்காரர்கள் தரும் சரக்கு ரசீது. நான் துண்டுச் சீட்டைக் காட்டினேன். சிரித்தார். சீட்டில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தார். தமிழ்நாட்டு எண் 33-ல் தொடங்கும், இது 29, கர்நாடகம். அதுவும் ரத்தான எண். இந்த இரண்டு நிமிஷ வேலையை நான் முன்பணம் போடுவதற்கு முன்னால் செய்திருக்கலாம்.

இதைவிட வயிற்றெரிச்சல் இன்னொன்று. ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டு போகலாம். எங்கள் மூன்று டிக்கெட்டுக்கு 120 கிலோ. என் மகளின் மொத்தச் சாமானும் 70 கிலோ தேறாது. மனைவி இதைச் சொல்லிக்காட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

பத்து யோசனை என்றேன், எழுத உட்கார்ந்தால் ரத்தம் கொதிக்கிறது, தோன்றுவதைச் சொல்கிறேன். வாளி, மெத்தை, ஃபேன் எல்லாம் கல்லூரி இருக்கிற ஊரிலேயே கிடைக்கும், தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். புத்தகம், சர்டிபிகேட், கால்குலேட்டர் கையிலேயே இருக்கட்டும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ஊரில் ஆபீஸ் போர்டு வைத்திருக்கிற லாரி சர்வீஸில் போட்டு, சாமான் விவரத்தோடு எல்ஆர் வாங்குங்கள், இறக்குவதற்கு முன் முழுப்பணம் கொடுக்காதீர்கள். சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டுமாம், நண்பர் சொன்னார். நான் நாளைக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பப் போகிறேன், சீட்டில் இருக்கிற முகவரியாவது உண்மையா என்று பார்ப்போம். நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் பதிந்துவிட்டேன். அப்புறம், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசி, மெத்தை இலவம்பஞ்சா என்று எவனாவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.