அப்டேட்டுக்குப் பின் சார்ஜ் நிற்காத கைப்பேசி: காத்திருப்பதா, ரீசெட்டா, புது பேட்டரியா?

கடந்த டிசம்பரில், கோத்தகிரியில் எங்கள் வீட்டிலுள்ள இரண்டு கைப்பேசிகளுக்கும் ஒரே வாரத்தில் அப்டேட் வந்தது. என்னுடையது நான்காண்டுப் பழைய ஆண்ட்ராய்டு; அக்காவுடையது வாங்கி இரண்டாண்டுகூட நிறையாத ஐபோன். அப்டேட் போட்ட மறுநாளே இரண்டிலும் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அக்காவின் கைப்பேசி ஐந்தாறு நாட்களில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பியது; என்னுடையதற்கோ பேட்டரியையே மாற்ற வேண்டியிருந்தது. இதே குறைக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் தம் கைப்பேசியை முழுவதும் அழித்து ரீசெட் செய்தார். ஒரு நாள் உழைப்பு போனதே தவிர அவருக்குப் பலன் ஏதும் கிடைக்கவில்லை. ஒரே குறைக்கு மூன்று கைப்பேசிகளில் மூன்று விதமான முடிவு கிடைக்கும் நிலையில், எது யாருக்குப் பொருந்தும் என்பதை எடைபோட்டுப் பார்ப்பது தேவையாகிறது.

மலையில் வாழ்பவர்கள் முதலில், குறை அப்டேட்டால் வந்ததா குளிரால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் பெரிய பதிப்புகள் ஆண்டுதோறும் செப்டம்பரில் வெளியாகின்றன. ஆண்ட்ராய்டு நிறுவனங்கள் பலவும் அடுத்தடுத்த மாதங்களில் தங்கள் மாடல்களுக்குப் படிப்படியாக அப்டேட் அனுப்புகின்றன. ஆகவே அப்டேட் வந்து சேரும் காலமும் ஊட்டியில் உறைபனி விழத் தொடங்கும் காலமும் நெருங்கியே அமைகின்றன. லித்தியம் அயான் பேட்டரி குளிர்ந்தால் அதன் உள்மின்தடை கூடும். அந்த நிலையில் கேமராவோ வீடியோ அழைப்போ அதிக மின்சாரத்தை இழுத்தால் மின்னழுத்தம் சட்டெனச் சரிந்து, 25 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கைப்பேசிகூட அணைந்துவிடும். ஐபோன்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியின் ஜனவரி விடியற்காலைகள் அந்தக் கீழ் எல்லையை நெருங்கிவிடுகின்றன. அணைந்த கைப்பேசியை ஸ்வெட்டருக்குள் சற்று நேரம் வைத்திருந்து மீண்டும் இயக்கும்போது முன்பு காட்டிய சார்ஜ் அப்படியே திரும்பி வந்தால், பழி குளிருக்கு உரியது, அப்டேட்டுக்கு அன்று.

இப்போது காத்திருப்பதை எடுத்துக்கொள்வோம். செலவில்லாத இந்த வழியைப் பலரும் பொறுமையின்மையால் கைவிடுகிறார்கள். பொறுத்திருப்பவர்களிலும் பலர் தவறான முறையில் காத்திருக்கிறார்கள். புதிய பதிப்பு ஏறியவுடன் ஐபோன் தன்னிடமுள்ள படங்களையும் கோப்புகளையும் மீண்டும் ஆராய்ந்து அட்டவணைப்படுத்துகிறது. ஆண்ட்ராய்டும் ஏற்கெனவே உள்ள ஆப்களைப் புதிய பதிப்புக்கு ஏற்ற வடிவில் மறுபடியும் தயார்செய்கிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், இவ்வேலையின் பெரும்பகுதி கைப்பேசி சும்மா இருந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் வேளைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. எனவே இரவில் சார்ஜரிலும் வைஃபையிலும் விட்டு வைக்கப்படும் கைப்பேசி இந்த வேலைகளைச் சில நாட்களில் முடித்துவிடும். பகலில் பயன்படுத்திக்கொண்டே அரைமணி அரைமணியாகச் சார்ஜ் போட்டு, இரவில் அணைத்துவிடுபவரின் கைப்பேசியில் அவை முடியாமல் இழுத்துக்கொண்டே போகும். மழைக்கால மின்வெட்டில் எங்களுக்கு நேர்வதும் இதுதான். அக்காவின் ஐபோன் தேறியதற்குக் காரணம், அவர் அதை ஒவ்வோர் இரவும் சார்ஜரில் விட்டதே என்று நான் உறுதியாக நம்புகிறேன். குளிரில் கிடந்த கைப்பேசியைக் கணப்பின் அருகில் வைத்துச் சூடாக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். குளிர் தரும் குறை தற்காலிகமானது, அதிகச் சூடு தரும் தேய்மானம் நிரந்தரமானது.

ஒரு வாரம் கழிந்தும் மாற்றமில்லை என்றால், அடுத்த முடிவுக்குமுன் இரண்டு இரவுகளைச் சோதனைக்கு ஒதுக்கலாம். ஓர் இரவு கைப்பேசியைச் சார்ஜரில் போடாமல் சாதாரணமாகவும், மறு இரவு ஏரோப்ளேன் மோடிலும் வைத்து, காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதல் இரவில் மட்டும் மிகுதியாக இறங்கியிருந்தால் சந்தேகம் முதலில் சிக்னல் மீது செல்ல வேண்டும். பள்ளத்தில் அமைந்த தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் டவர் எட்டாதபோது கைப்பேசி தான் சிக்னல் அனுப்பும் திறனைக் கூட்டுகிறது, விட்டுவிட்டுக் கிடைக்கும் 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே மாறிமாறித் தாவுகிறது. நெட்வொர்க் தேர்வு 5ஜியில் இருக்கிறதா என்று பார்த்து 4ஜிக்கு மாற்றுவது, இத்தகைய இடங்களில் எந்த ரீசெட்டையும்விட அதிகம் உதவும்.

ஃபேக்டரி ரீசெட்டைக் கடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பழைய அமைப்புகளின் மிச்சம் ஏதோ ஓர் ஆப்பை ஓயாமல் இயக்கிக்கொண்டிருந்தால் அது பலன் தரும் என்பது உண்மையே. ஆனால் செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதியைத் திறந்தாலே அந்த ஆப் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும், அதை மட்டும் நீக்கிப் போட்டாலே போதும். ரீசெட் செய்தபின் வாட்ஸ்அப் பேக்கப்பையும் படங்களையும் ஆப்களையும் மலையின் மெதுவான இணையத்தில் மறுபடி இறக்க வேண்டும், வங்கி ஆப்களில் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்ய வேண்டும். அதற்குமேல், முன்பு சொன்ன அட்டவணைப்படுத்தும் வேலைகள் முதலிலிருந்து தொடங்குவதால் சில நாட்களுக்கு அதே சார்ஜ் இறக்கம் தொடரும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாம் நாளே நம்பிக்கை இழந்தது இதனால்தான். இதை நான் கடைசி வரிசையில் வைப்பேன்.

பழைய பதிப்புக்குத் திரும்புவதைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. ஆப்பிள் பழைய பதிப்புகளுக்கான அனுமதியைச் சிறிது காலத்திலேயே நிறுத்திவிடுகிறது. ஆண்ட்ராய்டில் முயல்பவர் தரவை இழப்பதோடு பாதுகாப்புத் திருத்தங்களையும் இழக்கிறார். பணம் அனுப்பும் கருவியாகிவிட்ட ஒன்றில் அந்த ஆபத்தை ஏற்பது சரியன்று.

பேட்டரி மாற்றம் செலவு பிடிக்கும் வழி. எங்களுக்கு மலையிறங்கி ஏறும் ஒரு முழு நாளும் அதில் சேரும். ஆயினும் மூன்றாண்டு கடந்த கைப்பேசிக்கு இதுவே நேர்மையான தீர்வு. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பின்னும், ஐபோன் 15 முதலானவை 1,000 சுற்றுகளுக்குப் பின்னும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. நாள்தோறும் முழுச் சார்ஜைச் செலவழிப்பவர் முதல் எண்ணை இரண்டாண்டுக்குள் கடந்துவிடுவார். தேய்ந்த பேட்டரிக்கும் அப்டேட்டுக்கும் உள்ள உறவு வரலாறு அறிந்த ஒன்று. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பழைய பேட்டரியுள்ள ஐபோன்கள் திடீரென அணைவதைத் தடுக்க பிராசஸரின் வேகத்தைக் குறைத்தது. எதிர்ப்பு எழுந்து, அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் பேட்டரி மாற்றக் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் வந்த 11.3 பதிப்பிலிருந்து பேட்டரியின் மிஞ்சிய கொள்ளளவை உரிமையாளரே பார்க்க முடிகிறது. 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ கைப்பேசிகளுக்குக் கூகுள் அனுப்பிய அப்டேட், அவற்றில் சிலவற்றின் பயன்படுத்தத்தக்க கொள்ளளவையே குறைத்தது. அத்தகைய நிலையில் எத்தனை வாரம் காத்திருந்தாலும் பயனில்லை.

என் கைப்பேசிக்கு முதலில் உள்ளூரில் விலை குறைந்த டூப்ளிகேட் பேட்டரி போட்டு, குளிர்காலம் முடியும் முன்பே அது உப்பிவிட்டதால், கோயம்புத்தூரில் ஒரிஜினல் போட்டு வந்தேன். பவர் பேங்க் வைத்துச் சமாளிக்கலாம் என்பவர்கள், அதனுள் இருப்பதும் லித்தியம் செல்லே என்பதால், தொட்டபெட்டா சிகரத்தின் குளிர்காற்றில் அதையும் பையின் வெளிப்புற அறையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.