மாங்கூழா, புளியா, ராகியா? சின்ன ஊருக்கு எது தாங்கும்

கிராம சபையில் யாராவது எழுந்து "ஊருக்குள்ளயே ஒரு தொழில் வந்தா என்னங்க?" என்று கேட்டால், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் பேச்சு மூன்று வழியில் போகும். தோப்புக்காரர்கள் மாங்கூழ் ஆலை என்பார்கள். மகளிர் குழுவினர் புளிக்கு ஒரு கிடங்கு கேட்பார்கள். கடைசியில் யாரோ ஒருவர் ராகி மில் என்பார், அதற்கு அவ்வளவாகக் கைதட்டல் விழாது. புறம்போக்குப் பாறையைக் குவாரிக்கு விடலாம் என்று நாலாவதாக ஒரு குரலும் உண்டு. வெட்டி எடுத்த கல் திரும்ப முளைக்காது என்பதால் அதை இந்த அலசலில் நான் சேர்க்கவில்லை.

மற்ற மூன்றிடமும் நான் கேட்பது இரண்டே கேள்வி. எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? வருடத்தில் எத்தனை மாதம் வேலை தரும்? லாபக் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

தண்ணீரை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பல்லில் பழுப்புக் கறையோடு ஒரு தலைமுறையே வளர்ந்த பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். குடிப்பதற்கே காவிரியைக் குழாயில் கொண்டுவரும் ஊரில் ஆலைக்கு ஆயிரம் அடி போர் போடுவது என்ன கணக்கு?

மாங்கூழ் இங்கேதான் முதலில் சறுக்குகிறது. பழம் நம்மிடம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. கூழுக்குப் போவது பெரும்பாலும் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. பழத்தைக் கழுவ, இயந்திரத்தைக் கழுவ, கொதிகலனுக்கு என்று தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். தோலும் கொட்டையும் மட்டுமே பழத்தின் எடையில் பாதியை நெருங்கும். அந்தக் குவியல் இரண்டு நாள் கிடந்தால் ஊரே மூக்கைப் பொத்த வேண்டியதுதான். இவ்வளவுக்கும் ஆலை ஓடுவது ஜூன், ஜூலை, மிஞ்சினால் ஆகஸ்ட். மீதி மாதங்களில் வங்கி வட்டி மட்டும்தான் ஓடும். கூழைக் கிருமி நீக்கிய பையில் அடைத்து, 215 கிலோ பீப்பாயாக வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் இது. அங்கே ஆர்டர் குறைந்தால் இங்கே தோப்பில் பழம் உதிரும். 2025 கோடையில் ஆந்திராவில் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று அறிவிக்கிற நிலைமை வந்தது. பெரிய ஆலைகளே தடுமாறும் அந்தச் சந்தையில் ஊராட்சி அளவிலான மகளிர் குழுக்களின் ஒரு கூட்டமைப்பு என்ன செய்யும்?

புளியின் கதை வேறு. மரம் வேர் பிடித்த பிறகு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. தை முதல் பங்குனி வரை காய் வரும். அதைத் தட்டும் வேலை அதற்கப்புறமும் நீளும். இப்போது நடப்பது இதுதான்: வியாபாரி காய்ப்புளியை மூட்டையாக வீட்டு வாசலில் இறக்குவார். பெண்கள் ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு தட்டைக் கல், ஒரு சின்ன சுத்தியல். பிளந்த புளியிலிருந்து கொட்டை தெறித்துத் திண்ணையெல்லாம் உருளும். நாள் முழுக்கத் தட்டினால் விரல் நுனித் தோல் புளிப்பில் வெந்துவிடும். சாயங்காலம் குழம்புக்கு மிளகாய்த்தூளைத் தொட்டால் கை எரியும்.

பணம் சேர்வது தட்டுகிறவரிடம் அல்ல, வைத்திருந்து விற்கிறவரிடம். புளியை வெளியில் வைத்தால் நாளாக நாளாகக் கறுக்கும், சந்தையில் சிவப்புக்குத்தான் விலை. குளிர்கிடங்கில் போட்டால் நிறம் நிற்கும், வரத்து குறைந்து விலை ஏறும்போது எடுத்து விற்கலாம். ஆகவே மகளிர் குழு கேட்கும் கிடங்கு நியாயமான கோரிக்கை. ஆனால் முதல் வருடமே சொந்தமாகக் குளிர்கிடங்கு கட்டக் கூடாது என்பேன். ஊரில் தட்டுவதற்கும் உலர்த்துவதற்கும் ஒரு நல்ல கொட்டகையும் களமும் போதும், குளிர்கிடங்கை வாடகைக்கு எடுக்கலாம். ஊராட்சி மரங்களின் மகசூல் ஏலத்தைக் குழுவே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. கழிவும் பெரிய தலைவலி இல்லை. காயின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கொட்டை. அது மாவாகி நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது. ஓடு அடுப்புக்கு ஆகும்.

குறை என்று பார்த்தால், புளி ஒரு வருடம் காய்த்தால் அடுத்த வருடம் ஏமாற்றும். அந்த வருடம் கொட்டகை சும்மா கிடக்கும்.

அங்கேதான் ராகி வருகிறது. மானாவாரியில் விளையும், ஆடி ஆவணியில் விதைத்தால் கார்த்திகை மார்கழியில் அறுவடை. சாமை போன்ற மற்ற சிறுதானியத்துக்கு உமி நீக்கும் இயந்திரம் வேண்டும், அதைச் சரியாக ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். ராகிக்கு அந்தத் தொல்லை இல்லை. கல் நீக்கி, சலித்து, அரைத்தால் மாவு. வாங்க ஆள் இருக்கிறதா என்றால், 2025-26-க்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் குறைந்தபட்ச ஆதரவு விலை. 2023-ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டமும் தொடங்கியது. ராகிக்குப் பெரிய லாபம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் நட்டம் வந்தாலும் களி கிண்டியாவது சாப்பிடலாம், மாங்கூழ்ப் பீப்பாயை என்ன செய்வது?

சிறுதானியத்தை நம்பி ஒரு ஊர் நிற்க முடியுமா என்பவர்கள் அரூர் தாண்டி சிட்டிலிங்கிக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே 1993-ல் மருத்துவப் பணியாகத் தொடங்கியதுதான் பல வருடம் கழித்து இயற்கை விவசாயிகள் சங்கமாக விரிந்தது. சிறுதானியத்தையும் மஞ்சளையும் அவர்களே பதப்படுத்தி விற்கிறார்கள். அங்கே முதலில் மனிதர்கள் சேர்ந்தார்கள், இயந்திரம் பிறகுதான் வந்தது. நம் ஊர்களில் மானியம் வருகிறது என்றதும் இயந்திரத்தை இறக்கிவிட்டுப் பிறகு ஆள் தேடுகிறோம்.

மானியத்திலும் ஒரு விவரம் பார்க்க வேண்டும். 2020-ல் வந்த குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மத்தியத் திட்டத்தில் 35 சதவீதம், தனி நிறுவனத்துக்கு அதிகபட்சம் 10 லட்சம் என்று வைத்தார்கள். மீதி வங்கிக் கடன்தான். 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதை எடுத்துக் கொட்டகை கட்ட வழியில்லை, மழைநீர் சேமிப்புக்குச் செலவிட இடமிருந்தது.

என் வரிசை இப்படி: ஒரே கொட்டகை, தையிலிருந்து புளி, மற்ற மாதங்களில் ராகி. மாங்கூழ் வேண்டாம். கிருஷ்ணகிரி அணையின் ஆயக்கட்டில், அதாவது அணைப் பாசனம் பெறும் பகுதியில், இருக்கிற ஊருக்கு இந்தத் தண்ணீர்க் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அங்கேயும் ஒன்பது மாதம் பூட்டிக் கிடக்கும் ஆலைக்கு வட்டி யார் கட்டுவது என்று கேட்டுவிட்டுத்தான் தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.