மாணவர் படப் பக்கங்களுக்கு இன்டிசைனின் டேட்டா மேர்ஜ்: ஒரு மலர்க்குழுவின் மதிப்பீடு

மட்டக்களப்பிலுள்ள எங்கள் பாடசாலையின் ஆண்டு மலரில் அதிபரின் ஆசிச்செய்தி, கட்டுரை, கவிதை எல்லாவற்றுக்கும் முன்பாகப் புரட்டிப் பார்க்கப்படுவன மாணவர்களின் படப் பக்கங்கள்தாம். மலர் கைக்குக் கிடைத்ததும் பிள்ளைகள் தங்கள் வகுப்பைத் தேடுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் பெற்றோர் தங்கள் பிள்ளையைத் தேடுகிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வெளியான மலரில், தரம் 9 மாணவிகள் இருவரின் படங்கள் இடம் மாறி அச்சாகிவிட்டன. வெளியீட்டு விழா முடிந்த மறுநாள், அவர்களில் ஒருத்தியின் தாய் மலரைக் கையில் பிடித்தபடி ஆசிரியர் அறைக்கு வந்து, "டீச்சர், இதை இனி மாத்த ஏலாதா?" என்று கேட்டார். பிரதிகள் அனைத்தும் அச்சாகி, விநியோகமும் முடிந்திருந்தன. என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமிருக்கவில்லை.

அச்சகத்தில் வேலை செய்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கொடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, வெட்டி, கட்டத்துக்குள் வைத்து, எங்கள் கையெழுத்துப் பட்டியலைப் பார்த்துக் கீழே பெயரைத் தட்டச்சுச் செய்யும் வேலையை அவர் அறுநூறு தடவைக்கு மேல் செய்திருந்தார். அந்த முறையில் ஒரு நிரை வழுக்கினால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே இம்முறை படப் பக்கங்களை நாங்களே தயாரித்து, அச்சுக்குரிய பி.டி.எப். கோப்பாக அச்சகத்துக்குக் கொடுப்பதென்று மலர்க்குழுவில் முடிவு செய்தோம். அதற்குப் பயன்படுத்தியது, பக்கங்களை வடிவமைக்கும் அடோபி இன்டிசைன் மென்பொருளிலுள்ள டேட்டா மேர்ஜ் என்னும் வசதி. 612 மாணவர், 17 வகுப்புகள், 34 பக்கங்கள் என்ற அளவில் அதைப் பயன்படுத்திப் பார்த்த பின்பே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

டேட்டா மேர்ஜ் புதிதன்று. 2005இல் வெளியான சி.எஸ்.2 பதிப்பிலிருந்தே அது இன்டிசைனுடன் சேர்ந்து வருகிறது. கடித உறை முகவரி, அடையாள அட்டை, சான்றிதழ் போன்றவற்றுக்காகவே பெரும்பாலும் பயன்படுகிறது. அதன் வேலை எளிமையானது. பெயர், வகுப்பு, படக் கோப்பின் பெயர் ஆகியவற்றை நிரல்களாகக் கொண்ட ஒரு பட்டியலை நாம் கொடுக்க வேண்டும்; ஒரு மாணவருக்குரிய படச் சட்டத்தையும் பெயர்ச் சட்டத்தையும் பக்கத்தில் ஒரு தடவை மட்டும் வரைந்து, எந்தச் சட்டத்துக்குள் எந்த நிரல் போக வேண்டுமென்று காட்ட வேண்டும். மீதியை அது பார்த்துக்கொள்ளும். படத்துக்குரிய நிரலின் தலைப்பு '@' குறியுடன் தொடங்க வேண்டும் என்பதுதான் முதலாவது விதி. எக்செல் அந்தக் குறியைச் சூத்திரமென்று நினைத்துப் பிழை காட்டும் என்பதால், அதற்கு முன்பாக ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்டச்சுச் செய்ய வேண்டும்.

பக்கம் அமைப்பது விரைவாக நடக்கிறது, உழைப்பெல்லாம் பட்டியலில்தான். எங்கள் முதலாவது முயற்சியில் படக் கோப்புகளுக்கு மாணவரின் பெயரையே வைத்தோம். ஒரே வகுப்பில் இரண்டு திவ்யாக்கள் இருந்ததும் அது குழம்பியது. பின்னர் சேர்விலக்கத்தையே கோப்பின் பெயராக வைத்தோம். பாடசாலையில் ஒருவருக்குரிய சேர்விலக்கம் இன்னொருவருக்கு இல்லை. வரவு இடாப்பிலும் அது இருக்கிறது. வகுப்பாசிரியர் எவரும் அதைச் சரிபார்க்கலாம். படம் எடுக்கும்போதே ஒவ்வொரு பிள்ளையும் தன் சேர்விலக்கத்தை எழுதிய சிறு அட்டையைப் பிடித்தபடி ஒரு படமும், அட்டை இல்லாமல் ஒரு படமும் எடுத்துக்கொண்டோம். இந்த ஓர் ஏற்பாட்டுக்குப் பின்னர், எந்த முகம் யாருடையது என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை.

அதன் பின்பும் இரண்டு இடங்களில் தடுக்கி விழுந்தோம். 00734 என்று தட்டச்சுச் செய்தால் எக்செல் முன்னாலுள்ள பூச்சியங்களை விழுங்கிவிட்டு 734 என்று எழுதிக்கொள்ளும், கோப்பின் பெயரோ பூச்சியங்களுடன் இருக்கும், இரண்டும் பொருந்தாது. தரவை இடுவதற்கு முன்பே அந்த நிரலை எண்ணாகக் கொள்ளாத 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. மற்றையது, விண்டோஸ் வழமையாகக் கோப்பு வகையை மறைத்து வைப்பதால், பட்டியலில் எண்ணை மட்டும் எழுதி, புள்ளிக்குப் பின்னால் வரும் ஜேபிஜி என்னும் பகுதியை நாங்கள் விட்டுவிட்டோம். இணைத்துப் பார்த்தபோது ஒரு படமேனும் வரவில்லை. காணாமற்போன படங்களை இன்டிசைன் எச்சரித்துக் காட்டுவதால் காரணத்தை உடனே கண்டுகொள்ள முடிந்தது. அந்த எச்சரிக்கையை எக்காரணம் கொண்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று இதை முயல்வோரைக் கேட்டுக்கொள்கிறேன். படங்களையும் பட்டியலையும் ஒரே கோப்புறையில் வைத்தால், முழுப் பாதையையும் எழுதாமல் கோப்பின் பெயரை மட்டும் எழுதினால் போதும்.

தமிழில் இதைச் செய்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது எழுத்துரு. நம் பகுதியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யும் வழக்கம் இன்னும் வலுவாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்திலிருந்து கிடைத்த நான்கு வகுப்புகளின் பட்டியல்களும் அப்படித்தான் இருந்தன. பாமினியில் 'இ' என்ற எழுத்துக்குரிய விசை காற்புள்ளி. கண்ணுக்கு 'இந்துஜா' என்று தெரிவது கணினிக்கு ஒரு காற்புள்ளியில் தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகவே இருக்கும். நிரல்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சி.எஸ்.வி. கோப்பாக, மேற்கோள் குறிகள் இல்லாமல் அது போகும்போது, இந்துஜாவின் பெயர் தொடங்கும் இடத்திலேயே நிரல் உடைந்து, பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாகி, அடுத்த நிரலுக்குப் பெயர் போய்விடுகிறது. தந்தையின் பெயர் இராசரத்தினம், இளையதம்பி என்று இருந்து, முதலெழுத்து 'இ.' என்று வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே கதிதான். அந்த நிரைகள் மட்டும் ஏன் சிதறுகின்றன என்று தெரியாமல் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் செலவழித்தோம். பட்டியல் முழுவதையும் எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம், கணினி தமிழைத் தமிழாகவே அறியும் யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் இடாப்புடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே அடுத்த படிக்குப் போனோம்.

யூனிகோடுக்கு மாற்றிய பட்டியலை எக்செலில் 'யூனிகோட் டெக்ஸ்ட்' வகையாகச் சேமிப்பது நல்லது. அதில் நிரல்கள் காற்புள்ளியால் அல்லாமல் டாப் இடைவெளியால் பிரிகின்றன. தமிழ் எழுத்துகளும் கேள்விக்குறிகளாக மாறுவதில்லை. இன்டிசைனில் பட்டியலைத் தெரிவுசெய்யும்போது இறக்குமதித் தெரிவுகளைத் திறந்து, குறியாக்கம் யூனிகோட் என்றும் பிரிப்பான் டாப் என்றும் குறிப்பிட வேண்டும். இதற்குப் பின்பும் 'தேனுகா' என்ற பெயரில் ஏகாரக் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்குமானால், குறை பட்டியலில் இல்லை. பெயருக்குரிய பத்திப் பாணியில் எழுத்துகளைக் கோவைப்படுத்தும் கருவியாக 'அடோபி வேர்ல்ட்-ரெடி பராகிராப் கொம்போசர்' தெரிவாகியிருக்க வேண்டும். இதைப் பெயர்ச் சட்டத்தின் பாணியிலேயே ஒரு தடவை அமைத்துவிட்டால் 612 பெயர்களும் ஒழுங்காக வரும்.

பக்க அளவுகளை விரிவாகவே தருகிறேன், இன்னொரு பாடசாலைக்குப் பயன்படக்கூடும். தாள் ஏ4, நான்கு பக்கமும் ஓரம் 15 மி.மீ. கடவுச்சீட்டுப் படத்தின் 35க்கு 45 என்ற விகிதத்தையே வைத்துக்கொண்டு படச் சட்டத்தை 28 மி.மீ. அகலம், 36 மி.மீ. உயரம் என அமைத்தோம். அதன் கீழ் 34 மி.மீ. அகலமும் 12 மி.மீ. உயரமும் கொண்ட பெயர்ச் சட்டம். நிரல்களுக்கிடையே 2.5 மி.மீ. விட்டால், ஐந்து மாணவர் ஒரு வரிசையில் சரியாக 180 மி.மீ. அகலத்துக்குள் அடங்குகிறார்கள். வரிசைகளுக்கிடையே 8 மி.மீ. விட்டு நான்கு வரிசைகள் வைத்தால் பக்கத்துக்கு 20 பேர். மேலே 51 மி.மீ. மிஞ்சுகிறது. அங்கே வகுப்பின் பெயரும் வகுப்பாசிரியரின் படமும். நாற்பது பேர் வரையுள்ள வகுப்பு ஒன்று, மலரை விரித்தால் தெரியும் இரண்டு பக்கங்களில் முழுமையாக அடங்குவதைப் பார்க்க எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது. இந்த அளவுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அச்சிட, வெட்டிய பின் படம் 331க்கு 425 பிக்சல் இருந்தாலே போதும். கைத்தொலைபேசியில் எடுத்த படமும் இதற்குத் தாராளமாகப் போதும்.

இந்த வசதியின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் பலரை இடும் தெரிவைப் பயன்படுத்தும்போது, பக்கத்தில் நாம் வைத்திருக்கும் எல்லாமே ஒவ்வொரு மாணவருக்கும் திரும்பத் திரும்ப வரும். பாடசாலை இலச்சினையையும் தலைப்பையும் பக்கத்தில் நேரடியாக வைத்தால், இருபது இலச்சினைகள் வந்து நிற்கும். அவை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அடிப்பக்கத்தில்தான் (முன்பு 'மாஸ்டர்', இப்போது 'பேரன்ட்' பக்கம்) இருக்க வேண்டும். மேலும், வகுப்பு மாறுவதை டேட்டா மேர்ஜ் அறியாது. தரம் 11 'அ' 38 பேருடன் முடிந்தால், எஞ்சிய இரண்டு இடங்களில் 'ஆ' பிரிவின் முதலிருவர் வந்து உட்கார்ந்துவிடுவர். அதனால் பட்டியலை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, 17 தடவை தனித்தனியே இணைத்தோம். ஒவ்வொன்றும் சில நிமிடங்களே என்பதால் அது பெரும் சுமையாக இருக்கவில்லை. கடைசி வரிசையில் மூவர் மட்டும் எஞ்சினால் அவர்கள் இடது ஓரத்தில் நிற்பார்கள். நடுவுக்குக் கொண்டுவருவது கைவேலைதான்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, இணைத்த பின் கிடைக்கும் ஆவணத்துக்கும் பட்டியலுக்கும் இடையே தொடர்பு அறுந்துவிடுகிறது என்பதாகும். பக்கத்தில் ஒரு பெயரைக் கையால் திருத்திவிட்டு, பின்னர் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்காக மறுபடி இணைத்தால், முன்பு செய்த திருத்தம் போய்விடும். மாரி மழையில் பல நாட்கள் வராதிருந்த பிள்ளைகளின் படங்கள் பிந்திக் கிடைத்ததால், சில வகுப்புகளை நான்கு தடவை இணைக்க நேர்ந்தது. ஆகவே எழுத்துப் பிழை எதுவானாலும் பட்டியலில் மட்டுமே திருத்துவதென்றும், வரிசையை நடுவுக்குக் கொண்டுவருவது போன்ற அலங்கார வேலைகளை இறுதி இணைப்புக்குப் பின்பே செய்வதென்றும் குழுவில் கண்டிப்பாக இருந்தோம்.

நீண்ட பெயர்கள் தனிப் பிரச்சினை. அக்கரைப்பற்றில் கற்பிக்கும் என் தோழி இதே முறையில் தன் பாடசாலை மலரைச் செய்கிறார். முதலெழுத்துகள் மூன்றும் அதன் பின் இரண்டு சொற்களும் கொண்ட பெயர்கள் அங்கே சாதாரணம். 34 மி.மீ. அகலத்தில் 9 புள்ளி எழுத்தில் அவை மூன்று வரிகளாகி, கடைசி வரி சட்டத்துக்கு வெளியே மறைந்துபோகலாம். நிரம்பி வழியும் சட்டங்களை அறிக்கையாகத் தரும் தெரிவு டேட்டா மேர்ஜிலேயே இருக்கிறது. அதை இயக்கிவைத்தால் எந்தப் பெயர் வெட்டுப்பட்டது என்று தெரிந்துவிடும். எழுத்தைச் சுருக்குவதற்குப் பதிலாகப் பெயர்ச் சட்டத்தின் உயரத்தைக் கூட்டுவதே சரியென்று அவரும் நானும் கருதுகிறோம். ஒரு பிள்ளையின் பெயரை மட்டும் மற்றவர்களுடையதைவிடச் சிறிதாக அச்சிடுவது நியாயமில்லை.

படம் சட்டத்துக்குள் பொருந்தும் விதத்தில், விகிதம் மாறாமல் சட்டத்தை நிரப்பும் தெரிவையே எடுக்க வேண்டும். வழமையாக இருக்கும் தெரிவு ஓரங்களில் வெள்ளை இடைவெளியை விட்டுவிடக்கூடும். ஆனால் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து எல்லா முகங்களையும் ஒரே அளவாக்கும் திறமை டேட்டா மேர்ஜுக்கு இல்லை. ஒருவரின் முகம் சட்டம் முழுவதையும் நிரப்ப, அடுத்தவர் தூரத்தில் நின்றால், பக்கம் அழகிழந்துவிடும். நிலத்தில் ஒரு கோடு கீறி, அதன்மேல் ஒரு ஸ்டூலை வைத்து, கமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி எடுத்தோம். உயரம் குறைந்த பிள்ளைகளுக்காக முக்காலியை மட்டும் தாழ்த்தினோம். பின்னர் எல்லாவற்றையும் இர்பான்வியூ என்னும் படம் பார்க்கும், திருத்தும் மென்பொருள் மூலம் ஒரே அளவில் மொத்தமாக வெட்டினோம்.

இன்டிசைனுக்குச் சந்தா கட்ட வேண்டும் என்பது சிறிய பாடசாலைகளுக்குத் தடையாக இருக்கலாம். மலர் வேலை நடக்கும் ஓரிரு மாதங்களுக்கு மட்டும் சந்தா எடுப்பது எங்களுக்குப் போதுமாக இருந்தது; அதைப் பழைய மாணவர் சங்கம் ஏற்றுக்கொண்டது. செலவே கூடாதென்றால் ஸ்க்ரைபஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் பழைய 1.4 வரிசைப் பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் சரியாகக் கோவைப்படுவதில்லை. 2024இல் வந்த 1.6 பதிப்பை எடுக்க வேண்டும். அதில் பட்டியலை இணைக்க ஸ்க்ரைபஸ் ஜெனரேட்டர் என்ற துணை மென்பொருளைத் தனியே நிறுவ வேண்டும். கணினியில் நல்ல பழக்கமுள்ள ஓர் ஆசிரியர் இருந்தால் அதுவும் கைகொடுக்கும். இல்லாவிட்டால் இன்டிசைனே எளிது. இருநூறு மாணவருக்குக் குறைவான பாடசாலைக்கு இரண்டும் தேவையில்லை என்பது என் எண்ணம். அந்த எண்ணிக்கையைக் கையாலேயே கவனமாகச் செய்துவிடலாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்பு, 34 பக்கங்களையும் சாதாரணத் தாளில் எடுத்து, அந்தந்த வகுப்பறையில் ஒட்டினோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தையும் பெயரையும் பார்த்து, சரியாக இருந்தால் பக்கத்தில் கையொப்பமிட வேண்டும். இரண்டு நாட்களில் 612 கையொப்பங்களும் சேர்ந்தன. ஆறு பெயர்களில் எழுத்துப் பிழை இருந்தது. ஆறும் நாங்கள் பட்டியலில் தட்டச்சுச் செய்தபோது விட்டவை. இடம் மாறிய முகம் ஒன்றும் இருக்கவில்லை. படங்கள் மாறி அச்சான அந்த மாணவிகள் இருவரும் இப்போது உயர்தரத்தில் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். இருவரும் சேர்ந்து வந்து, ஒருவர் படத்தின் கீழ் மற்றவர் விரலை வைத்துப் பெயரை வாசித்துவிட்டுக் கையொப்பமிட்டார்கள். அந்தத் தாளை நான் இன்னும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.