மூளைக்குக் கரண்ட் கொடுத்து நரம்பு வலியை எடுக்கிறோம் என்பவர்களிடம் கவனம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் இருக்கும் வீட்டுக்காரர் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள். நம் வீடுகளை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

2009இல் போரில் செல் (எறிகணை) பட்டதிலிருந்து என் அண்ணாவுக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. தொட்டால் தெரியாத அந்தக் கால்களில்தான் இரவிரவாக எரிவு. தணலில் வைத்த மாதிரி என்பார். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரகபலின் குளிசை போட்டால் கொஞ்சம் கண் அயர்வார். அப்போதுதான் முகநூலில் அந்த விளம்பரம்: மூளைக்கு மெல்லிய மின்சாரம், வெட்டுக் கொத்து இல்லை, நரம்பு வலி அடியோடு போகும். முழுக் காசையும் முதலே வாங்கிவிட்டார்கள். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

அங்கே வைத்தியர் என்று ஒருவரையும் காணவில்லை. ஒரு பெடியன் வந்து மின்சாரம் போகும் இரண்டு பஞ்சுப் பட்டைகளையும் நெற்றியிலேயே வைத்துக் கட்டினான். வலிப்பு வந்திருக்கிறதா, தலைக்குள் செல் துண்டு இருக்கிறதா என்று ஒரு கேள்வி இல்லை. வன்னியில் இதைக் கேட்காமல் ஒருவரின் தலையில் கை வைப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. "அண்ணை, இனிக் குளிசை வேண்டாம், ஒரு மாதத்தில எழும்பி நடப்பியள்" என்றான். குளிசையை நிறுத்தியதும் வியர்வை, குமட்டல், ஒரு பொட்டு நித்திரை இல்லை. பட்டை காய்ந்து எரிகிறது என்று அண்ணா சொன்னதற்கு, "அது வேலை செய்யுது" என்று பதில். கழற்றினால், புருவத்துக்கு மேலே ஒரு ரூபாக் குத்தி அளவில் தோல் வெந்து கொப்புளம்.

அப்புறம் யாழ்ப்பாணத்தில் நரம்பியல் வைத்தியரிடம் காட்டினோம். பிரகபலினைச் சட்டென்று நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று கோபப்பட்டார். இந்தச் சிகிச்சை பொய்யில்லை என்றும் சொன்னார். 2006இல் வந்த ஆய்வொன்றில் முள்ளந்தண்டு காயப்பட்ட 17 பேர். 2 மில்லி அம்பியர், 20 நிமிடம், தொடர்ந்து 5 நாள். உண்மையில் மின்சாரம் பெற்றவர்களுக்கு, ஒப்புக்குப் பட்டை கட்டியவர்களைவிட வலி குறைந்தது. ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சிலருக்கு ஆறுதல், சிலருக்கு ஒன்றும் இல்லை. பட்டைகளில் ஒன்று, உடலசைவை நடத்தும் மூளைப் பகுதிக்கு நேர் மேலே, உச்சிக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பஞ்சு உப்புநீரில் ஊறியிருக்க வேண்டும். காந்தத்தால் தூண்டும் இன்னொரு முறையும் உண்டு. தலைக்குள் உலோகத் துண்டு இருப்பவர்களுக்கு அது பெரிய ஆபத்து. எந்த முறையானாலும் வலி குறையலாம், அவ்வளவுதான். எழும்பி நடக்க வைக்காது.

காசைத் திருப்பிக் கேட்டோம். தரவில்லை. பற்றுச்சீட்டில் வைத்தியர் பெயரும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை. இப்படி யாராவது கூப்பிட்டால், வைத்தியரின் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தை முதலில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அப்படியே திரும்பி வாருங்கள். ஏற்கெனவே காசு கட்டியவர்கள் பற்றுச்சீட்டை எறிந்துவிடாமல் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.