தலைகீழ்ப் பிரமிடா, மணற்கடிகையா: செய்தி எழுத முதலில் எதில் கை பழகலாம்?

முக்கியமானதை மேலே வைத்து, கீழே போகப் போகக் கனம் குறைந்தால் தலைகீழ்ப் பிரமிடு. சாரத்தை மேலே சொல்லிவிட்டு, பிறகு நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால் மணற்கடிகை. ஒரு ஆளையோ காட்சியையோ காட்டித் தொடங்கினால் சிறப்புக் கட்டுரை நடை. புதிதாக எழுத வருபவருக்கு என் சிபாரிசு தலைகீழ்ப் பிரமிடுதான். காரணம் ஒன்றே: வெட்டு.

தாலுகா நிருபர் 250 சொல்லில் அனுப்பிய செய்தி, ராத்திரி விளம்பரம் ஒன்று வந்துவிட்டால் 120 சொல்லில் அடங்கியாக வேண்டும். டெஸ்க்கில், அதாவது செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் சேர்க்கும் மேசையில் இருப்பவருக்கு, அதைத் திருத்தி எழுத நேரம் இருக்காது. அடியிலிருந்து பத்தி பத்தியாகத் தூக்குவார். வைகை அணைச் செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். "வைகைக் கரையோர மக்களுக்கு மூன்றாம் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை விடப்பட்டுள்ளது. அணையின் நீர்மட்டம் நேற்று 69 அடியை எட்டியது." இது முதல் பத்தி. திறக்கும் நீர் எத்தனை கன அடி, ஆற்றில் யாரும் இறங்கக் கூடாது என்பவை இரண்டாவது. அதிகாரி சொன்னது மூன்றாவது. முதல் எச்சரிக்கை 66 அடியில், இரண்டாவது 68.5 அடியில், அணையின் முழு நீர்மட்டம் 71 அடி என்பதெல்லாம் கடைசி. அந்தக் கடைசிப் பத்தி போனாலும் வைகைக் கரையில் இருக்கும் மானாமதுரைக்காரருக்கு நஷ்டமில்லை.

எழுதி முடித்ததும் அடியிலிருந்து ஒவ்வொரு பத்தியாகக் கையால் மறைத்துப் படித்துப் பாருங்கள். மேலே "இருவர் கைது" என்று போட்டுவிட்டுப் பெயர்களைக் கடைசிப் பத்தியில் வைத்திருந்தால் அங்கேயே குட்டு உடைந்துவிடும். "அவர்", "மேற்கண்ட" என்று தொடங்கும் பத்தியும் ஆபத்து. அதற்கு முந்தைய பத்தியை எடுத்தால் யார் அந்த அவர்?

தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வினைமுற்று வாக்கியக் கடைசியில்தான் வரும். "தேனி மாவட்டம் ஆண்டிபட்டி அருகே உள்ள, 71 அடி முழு நீர்மட்டம் கொண்ட…" என்று முதல் வாக்கியத்தை இழுத்தால், செய்தியே அந்த வாக்கியத்தின் வாலில் போய் ஒளிந்துகொள்ளும். 15 சொல்லுக்குள் முற்றுப்புள்ளி வையுங்கள்.

மணற்கடிகை ஜல்லிக்கட்டுக்குப் பொருத்தம். முதல் பரிசு யாருக்கு, காயம் எத்தனை பேருக்கு என்று மூன்று பத்தி. "போட்டி நடந்த விவரம்:" என்று ஒரு திருப்பம். பிறகு சுற்று சுற்றாக. அடியில் வெட்டினால் கடைசிச் சுற்று காணாமல் போகும். அதனால் அந்தச் சுற்றில் நடந்த பெரிய விஷயத்தை மேலேயும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். பிரமிடு கைவந்தவருக்கு இதில் பாதி வேலை முடிந்த மாதிரிதான். இதெல்லாம் நாளிதழ்ப் பக்கத்தை வைத்துச் சொல்வது; டிவிக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சிறப்புக் கட்டுரை நடை ஞாயிறு இணைப்புக்கு. உசிலம்பட்டிப் பக்கம் விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிப்பதில் தொடங்கலாம். ஆனால் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை ஏன் சரிந்தது என்பது நான்காம் பத்திக்குள் வந்துவிட வேண்டும். முடிவில்தான் இதன் உயிர் இருக்கிறது; அடியில் வெட்டினால் அதுவே போய்விடும். எனவே எத்தனை சொல் இடம் என்று டெஸ்க்கில் உறுதியாகக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.