பிலடெல்பியாவில் ஒரு சாதாரண உணவகத்தில் சீஸ்ஸ்டேக்

தெற்கு பிலடெல்பியாவில் சீஸ்ஸ்டேக்குக்குப் (மாட்டிறைச்சியும் உருகிய சீஸும் வைத்த நீள ரொட்டி) பேர்போன, எதிரெதிரே இருக்கும் இரண்டு கடைகளிலும் கூட்டம் அதிகமாக இருந்ததால், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்ன உணவகத்தில் அதைச் சாப்பிட்டேன். அருமை!

ரிப்ஐ எனப்படும் விலாப் பகுதி மாட்டிறைச்சியை மெல்லிசாகச் சீவி, கண்ணெதிரிலேயே சூடான இரும்புக் கல்லில் வெங்காயத்தோடு புரட்டுகிறார்கள், இறைச்சி கல்லில் இருக்கும்போதே சீஸை மேலே வைத்து உருகவிட்டு, அப்புறம் பிளந்த ரொட்டியை அதன்மேல் கவிழ்த்து அப்படியே அள்ளி எடுப்பதால் ஒவ்வொரு கடியிலும் சீஸ் கிடைக்கிறது. 1930இல் ஹாட் டாக் வண்டி வைத்திருந்த பேட் ஒலிவியேரி இதை ஆரம்பித்தபோது வெறும் இறைச்சியும் ரொட்டியும்தான், சீஸ் பிற்பாடு வந்து சேர்ந்தது. அது இல்லாமல் எப்படிச் சாப்பிட்டார்களோ!

நான் கேட்டது பிரோவலோன் என்ற இத்தாலிய சீஸ் போட்டது. சீஸ் விஸ் என்ற கூழ் போன்ற பதப்படுத்திய சீஸ் போட்டதையும் நண்பரிடமிருந்து ஒரு கடி வாங்கிப் பார்த்தேன், குழம்பு மாதிரி எல்லா இடத்திலும் இறங்குகிறது, ஆனால் உப்பு தூக்கல், இறைச்சியின் ருசியை மூடிவிடுகிறது. பிரோவலோன்தான் என் கட்சி.

ரொட்டியைச் சொல்லியே ஆக வேண்டும். நீளமான இத்தாலிய ரோல், வெளியே லேசான மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று. அவ்வளவு எண்ணெயும் சாறும் இறங்கியும் கடைசிவரை பிய்ந்து போகவில்லை.

உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் நமத்துப் போயிருந்தது, வாங்க வேண்டாம். பணிவாகப் பேசுகிறார்கள், உட்கார இடம் குறைவு. போனால் வறுத்த வெங்காயம் சேர்த்தே கேளுங்கள், பொட்டலம் கட்டி எடுத்துப் போகாமல் அங்கேயே சூடாகச் சாப்பிடுங்கள்.